கண்டக்டர் இடுப்பும் சந்தை நாள் பஸ்ஸும்

கண்டக்டர் வேலைக்கு நல்ல தொண்டையும் ஞாபகசக்தியும் இருந்தால் போதும் என்று நம்பித்தான் தோல்பையை மாட்டினேன். இடுப்பும் வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எழுபதுகளில் வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை, நல்லேப்பிள்ளி வழியாகப் பாலக்காட்டுச் சித்தூர் போய்வந்த ஒரு தனியார் பஸ்ஸில் இருந்தேன். சேரும்போது ஒல்லி. ஐந்தாம் வருஷம் காக்கிச் சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டும் வேலையை விட்டு நின்றுவிட்டன. உட்காரும்போது வயிறு முந்திக்கொண்டு மடியில் உட்கார்ந்துகொள்ளும் அன்பர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டு பேர் பங்கு

பஸ் எந்தக் கடை முன்னால் நிற்கிறதோ அந்தக் கடையில்தான் கூட்டம் கூடும். அதனால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீயும் பலகாரமும் சும்மா கொடுப்பது எங்கள் வழியில் வழக்கம். டிரைவர் கந்தசாமியண்ணனுக்கு வயிற்றுப்புண். ஒரு டம்ளர் பாலோடு எழுந்துவிடுவார். கடைக்காரர் ஆசையாக வைத்ததை வீணாக்கலாமா என்று அவர் பங்கையும் நானே பார்த்துக்கொண்டேன். உளுந்து வடை, பழம்பொரி, போண்டா என்று கடைக்கொரு ருசி. எதையும் நான் ஒதுக்கியதில்லை.

ஒரு நாள் கந்தசாமியண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. "தம்பி, என்ற பங்கு வடையெல்லாம் எங்க போகுதுன்னு இப்பத்தான் தெரியுது. நீ நிக்கற பக்கமா வண்டி சாயுது" என்றார்.

வழியில் மாட்டியது

சந்தை நாளில் எங்கள் பஸ்ஸில் ஆளும் மூட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. அன்றைக்கு முன்வாசலிலிருந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் ஒரு கம்பிக்கும் ஒரு கடலை மூட்டைக்கும் நடுவே மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. அந்த நேரம் பார்த்துச் செக்கிங் இன்ஸ்பெக்டர் பின்வாசலில் ஏறினார்.

பின்னால் நின்ற ஐந்து பேரிடம் டிக்கெட் இல்லை. பாவம், ஏமாற்றுகிறவர்கள் இல்லை. சில்லறையைக் கையில் பிடித்தபடியேதான் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் அதட்டியதும், தக்காளிக் கூடையோடு தினமும் வரும் வள்ளியாத்தா பதில் சொன்னார்: "நாங்க டிக்கெட்டு வேண்டாம்னு சொல்லலீங்க. கண்டக்டர் கொழிஞ்சாம்பாறைலயே பொறப்பட்டுட்டாருங்க. இன்னும் வந்து சேரலீங்க."

கெடு

இன்ஸ்பெக்டர் சொன்னதைக் கேட்டு பஸ் முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து ஒரு சந்தை நாளில் தானே பஸ்ஸில் ஏறுவதாகச் சொன்னார். அன்றைக்கு நான் முன்வாசலில் தொடங்கிப் பின்வாசல் வரைக்கும் டிக்கெட் கொடுத்து முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் ஷெட்டில் பழைய டயர்களுக்குக் காவல்.

நாளெல்லாம் நூறு முகம் பார்த்துப் பேசி, கிண்டல் கேட்டு, கிண்டல் செய்து பழகியவன் நான். டயரோடு என்ன பேசுவது? பஸ் இல்லாமல் எனக்கு ஒரு நாள்கூட ஓடாது. வீட்டுக்குப் போய்த் தட்டை நகர்த்தி வைத்தேன். என் மனைவி சரசு நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கே சோறு எறங்கலீன்னா இது பெரிய சமாச்சாரந்தானுங்க. நாளைக்கே டாக்டரப் பாருங்க."

டாக்டரோடு வாதம்

சித்தூர் டாக்டர் மலையாளி. தினமும் நாலு மைல் நடக்கச் சொன்னார். நான் விடவில்லை. "வேலந்தாவளத்துல முன்வாசல்ல ஏறி, டிக்கெட் குடுத்துட்டே நடந்து, சித்தூர்ல பின்வாசல்ல எறங்கறேனுங்க. பதினஞ்சு மைல் ஆகுதுங்களே?" என்று கேட்டேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பதினஞ்சு மைல் போயது பஸ்ஸாணு. நீயல்ல" என்றார்.

வெளியே ஒரு வழி

சைக்கிளைச் சரசுவின் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, வடகரப்பதியில் இருக்கும் என் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்க ஆரம்பித்தேன். மதியம் சோற்றைப் பாதியாக்கிக் கீரையைக் கூட்டினாள் சரசு. கூரைமேல் மூட்டை ஏற்றக் கிளீனரை அனுப்பாமல் நானே ஏணியில் ஏறினேன். முதல் வாரம் மேலே போனதும் மூட்டைக்குப் பக்கத்தில் நானும் மூட்டையாகக் கிடந்தேன்.

ஆனால் உண்மையில் என்னைக் கரைத்தது வேறு. பஸ்ஸுக்குள்ளே நுழைய முடியவில்லையே, டிக்கெட் கொடுத்தாக வேண்டுமே! அதனால் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் முன்வாசலில் குதித்து, வெளியே ஓடி, பின்வாசலில் ஏறினேன். அடுத்த ஸ்டாப்பில் திரும்ப முன்னால் ஓடினேன். பை ஒரு பக்கம் ஆடும், நான் ஒரு பக்கம் ஆடுவேன். ஒரு ஸ்டாப்பில் ஏறக் காத்திருந்த பெரியவர் இதைப் பார்த்துவிட்டுப் படியில் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஏனுங்க, கண்டக்டரே எறங்கி ஓடறீங்க, உள்ள பாம்பு கீம்பு பூந்துருச்சுங்களா?"

கையில் ஒரு வடை

பலகாரத்தை விட்டதில்தான் வம்பு வந்தது. வயிறு ஒத்துக்கொண்டது, நல்லேப்பிள்ளிக் கடை மாதவிச் சேச்சி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் நான் வடையைத் தொடாததும், "இன்னைக்கு எண்ணெய் சரியில்லையோ?" என்று பயணிகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். சேச்சி கண் கலங்கி ஒரு வடையை என் கையில் திணித்தார். "கண்டக்டர் தின்னாத வடைய வேற ஆரு வாங்கும்? நீ தின்ன வேண்டா, கையில பிடிச்சு நில்லு, அது போதும்."

பரீட்சை

கெடு முடிந்த சந்தை நாளில் முதலாளி வந்து பின்வாசல் படியில் நின்றார். பஸ்ஸில் ஈ நுழைய இடமில்லை. நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு முன்வாசலில் தொடங்கினேன். கம்பி, கடலை மூட்டை, கோழிக் கூடை, யாரோ ஒருவருடைய முழங்கை, எல்லாவற்றையும் தாண்டினேன். வள்ளியாத்தா கூடையைத் தூக்கிப் பிடித்து, "வாங்க, வாங்க" என்று மாப்பிள்ளையை அழைப்பதுபோல அழைத்தார். நல்லேப்பிள்ளி வருவதற்குள் கடைசி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முதலாளி முன்னால் போய் நின்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பஸ் என் கையை விட்டுப் போகவில்லை.

முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நல்லேப்பிள்ளியில் நின்றதும் தலையை வெளியே நீட்டி, ஸ்டாப்பில் நின்றவர்களைப் பார்த்துக் கூவினார்: "உள்ள எடமிருக்குதுங்க! வாங்க, இன்னும் ரெண்டு பேர் தாராளமா ஏறலாம்!"

உடம்பைக் குறைக்க ஆயிரம் வழி இருக்கிறது, அன்பர்களே. குறைத்த இடத்தில் வேறு ஆளை ஏற்றாமல் தடுக்கத்தான் ஒரு வழியும் இல்லை.