பிரேக் மாஸ்டரின் படகு

டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொடுக்கும் அந்த மனிதரை எல்லோரும் பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிப்பதைத் தவிர அவர் வேறெதையும் உருப்படியாகச் செய்ததில்லை என்பது அவர் மனைவியின் தீர்மானமான கருத்து. அவள் முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவரோ கடிகாரம் மாட்ட ஆணி அடித்து அடுத்த வீட்டுக் கண்ணாடியை விழவைத்தவர், நாற்காலிக் காலை ஒட்டப் போய்த் தன் விரல்களை ஒட்டிக்கொண்டு திருதிருவென முழித்தவர். இத்தனையையும் கூடவே இருந்து பார்த்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

அவர் ஒருநாள் காற்றடைக்கிற ரப்பர் படகு ஒன்றையும், பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்றையும் கொண்டுவந்து இறக்கினார். வீட்டைக் காலிசெய்துகொண்டு போன பழைய மாணவன் ஒருவன் தலையில் கட்டிவிட்டுப் போனது.

"இதை நீங்க ஓட்டப் போறீங்களா?" என்றாள்.

"சக்கரம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. ஓடுறதெல்லாம் ஒண்ணுதான்."

படகு முழுக்கக் காற்று. மோட்டாரின் திருகுகள் கவ்விப் பிடிக்கக் கெட்டியாக ஓர் இடமும் இல்லை. சலூன் வைத்திருக்கும் அவள் தம்பி வந்து பார்த்தான்.

"மாமா, இதுக்குன்னே குழாய்ச் சட்டம் விக்கிறாங்க. பின்னாடி இருக்கிற வளையத்துல சொருகி, அதுல மாட்டணும்."

"அதெல்லாம் ஏமாந்தவன் வாங்குறது. ஒரு பலகை, கொஞ்சம் கயிறு, வேலை முடிஞ்சுது."

பலகை எங்கிருந்து வந்தது என்பது, கடைக்குச் சீருடை கொடுத்துவிட்டு அவள் திரும்பியபோதுதான் தெரிந்தது. துணி வெட்டும் பலகையில் ஒரு முழம் காணோம். தரையெல்லாம் மரத்தூள்.

"ஒரு ஓரமாத்தானே எடுத்தேன்" என்றார்.

"ஆமா, மிச்சத்துல கைக்குட்டை வெட்டிக்கிறேன்."

மறுநாள் ஏரிக்குப் புறப்படும்போது அவளும் கிளம்பினாள். மனுஷன் அசடு வழிவதைக் கிட்டத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பை விட அவளுக்கு மனசில்லை. தம்பி துடுப்பை எடுத்தான். மோட்டார் இருக்கும்போது துடுப்பு எதற்கு, பார்க்கிறவன் சிரிப்பான் என்று சொல்லி அதை வீட்டிலேயே வைக்கச் சொன்னார். பார்க்கிறவனுக்குச் சிரிக்க வேறு எத்தனையோ காரணம் இருந்தது அவருக்குத் தெரியவில்லை. தம்பி கரையில் நின்றுகொண்டான். அவனுக்கு விவரம் போதும்.

படகு கிளம்பியது. கொஞ்ச தூரம் நன்றாகவே போயிற்று. சத்தமே இல்லை, தண்ணீர் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. அது தனக்குப் பிடித்துப்போனதுதான் அவளுக்குப் பெரிய எரிச்சல்.

பிறகு பலகையைக் கட்டியிருந்த கயிறு நெகிழ்ந்தது. பலகை ஒரு பக்கமாகச் சாய, மோட்டாரும் கூடவே திரும்பிக்கொள்ள, படகு நின்ற இடத்திலேயே செக்குமாடு மாதிரி சுற்ற ஆரம்பித்தது. மாஸ்டர் கைப்பிடியை விட்டுவிட்டு வலது காலால் படகின் அடியை மிதித்தார். மறுபடி மிதித்தார். அங்கே இருந்தது ரப்பர்.

"எதை மிதிக்கிறீங்க?"

அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மோட்டாரின் விசிறி ரப்பரை உரசப் பார்த்தது. அவள் எட்டிப் பேட்டரி வயரைப் பிடுங்கினாள். சுற்றல் நின்றது.

"இப்ப எப்படிக் கரைக்குப் போறது?"

"தெரியலை" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. "எனக்கு நீச்சலும் தெரியாது."

"கல்யாணத்துக்கு முன்னாடி ஆத்தைக் குறுக்கால நீந்தினேன்னு சொன்னீங்களே?"

"அது சும்மா சொன்னது."

அந்தக் கதையை அவள் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவருக்குச் சாதகமாக அவளிடம் இருந்த ஒரே கதை அது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் காலை இறக்கிப் பார்த்தாள். சேறு தட்டியது. தண்ணீர் நெஞ்சளவுதான்.

"இறங்குங்க, நடந்தே போயிடலாம்."

"நான் இங்கேயே இருக்கேன்."

அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். முன்கயிற்றைத் தோளில் போட்டு அவள் இழுக்க, அவர் மோட்டாரைக் குழந்தை மாதிரி மடியில் அணைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். கரையில் அவரிடம் கார் கற்றுக்கொள்ளும் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பாதி வழியில் தம்பி இறங்கிவந்து கயிற்றைக் கேட்டான். அவள் கொடுக்கவில்லை.

அன்றைக்கு வீட்டில் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை, அவருக்கு அதுதான் தாங்கவில்லை. மறுநாள் தச்சரிடம் போய், அவள் துணி வெட்டப் புதுப் பலகை செய்யச் சொல்லிவிட்டு வந்தார். குழாய்ச் சட்டத்தை அவளே போய் வாங்கினாள். தம்பி அதை வளையங்களில் சொருகித் திருகை இறுக்கினான். மோட்டார் அசையாமல் உட்கார்ந்தது. காப்பி ஆறுவதற்குள் முடிந்த வேலை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் ஓட்டுகிறாள், மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, துடுப்பும் கூட வைத்துக்கொண்டு. அவர் கரையில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் "எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான்" என்கிறார். தண்ணீரின் மேல் பேச்சு வெகுதூரம் கேட்கும். அவளுக்கும் கேட்கிறது. பேச்சு கேட்காத தூரம் எதுவரை என்று இப்போது அவளுக்குத் தெரியும், அங்கே போய்த்தான் மோட்டாரை அணைக்கிறாள்.