மூன்றாவது சோடிச் சப்பாத்து

பேய்க் கதை சொல்ல யாராவது தொண்டையைச் செருமினால், தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். ஆஹென் நகரில் இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன். மயானத் தரிப்பிடத்தில் ஏறவோ இறங்கவோ ஆளில்லாத இருட்டிலும் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன். ஒன்றும் ஏறியதில்லை. கடைசித் தரிப்பிடத்தில் கிடைக்கிற பதினொரு நிமிடத்தில் புத்தகம் வாசிப்பேன், அப்படி வாசித்துத் தள்ளிய புத்தகங்களில் ஒன்றுகூட என்னைப் பேயை நம்ப வைக்கவில்லை. ஆகவே இனிச் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்கமாட்டேன். அதுவும் இது நடந்தது ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல் ஒன்றரை மணிக்கு. ஜெர்மனியில் இப்படியானவைகூட மணி பார்த்துப் பகலில்தான் வரும் போலிருக்கிறது.

விஷயம் ஓர் அறையைப் பற்றியது. நகரத்தின் ஓரத்தில், இரண்டாம் மாடியில், ஒரு சின்னக் குசினியும் குளியலறையும் சேர்ந்த ஒற்றை அறை. முன்னொரு காலத்தில் அந்தக் கட்டடம் நொடித்துப்போன ஒரு விடுதி. எண்பதுகளின் கடைசியில் அதை அகதிகளுக்கு விட்டிருந்தார்கள். அந்த அறையில் நாங்கள் ஆறு தமிழ்ப் பொடியன்கள் இருந்தோம். பிறகு யாரோ கட்டடத்தை வாங்கித் திருத்தி, துண்டு துண்டாக வீடுகளாக்கி விற்றார்கள். மூன்று வருடத்துக்கு முன் அதே அறை விற்பனைக்கு வந்தபோது நான் வாங்கினேன்.

"மூச்சுவிட இடமில்லாமல் ஆறு பேர் கிடந்த அறையை விரும்பி வாங்கின முதல் ஆள் உலகத்தில நீங்களாத்தான் இருப்பியள்" என்றாள் மனைவி. முதலீடு என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையான காரணம் குகன். அவனுக்குத் தெரிந்த ஒரே விலாசம் அதுதான்.

குகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் எங்கள் அறையில் ஏழாவது ஆள். முதலில் எங்களோடுதான் இருந்தான், பிறகு அவனை மூன்று மணித்தியாலத் தூரத்தில் இருந்த வேறொரு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். அகதி தனக்கு ஒதுக்கிய மாவட்டத்தை அனுமதியில்லாமல் தாண்டக்கூடாது என்பது அக்காலச் சட்டம். குகன் ஒவ்வொரு சனிக்கிழமையும் தாண்டினான். புத்தகமும் கையுமாகத் திரிந்ததால் எனக்கு 'வாத்தி' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். அறையில் சமைக்கக்கூடாது என்பதும் விதி, எங்களிடம் கட்டிலுக்கடியில் ஒரு மின்னடுப்பு இருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் கறிச்சட்டியை அலுமாரிக்குள், குளிர்க்கோட்டுகளுக்கு நடுவே ஒளித்துவைப்போம். விதி மீறியதைக் கண்டுபிடிக்கப் பொலிஸ் தேவைப்படவில்லை, நாங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனாலே போதும். பேருந்தில் எங்களைச் சுற்றி எப்போதும் இருக்கைகள் காலியாக இருந்ததற்கு நிறம் ஒரு காரணம், இறைச்சிக்கறி மறு காரணம்.

எங்கள் ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடக் காவலாளி, புத்திசாலி. கதவைத் தட்டித் தலை எண்ணுகிற வேலையை அவர் வைத்துக்கொள்வதில்லை. தமிழன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவான் என்பது அவருக்குத் தெரியும். ஆறு பேர் அறைக்கு வெளியே ஏழு சோடி கிடந்தால் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விடுவார். அதனால் குகன் வந்தால் தன் சப்பாத்தைக் களவெடுத்த பலாப்பழம் மாதிரிக் கோட்டுக்குள் அணைத்தபடி உள்ளே கொண்டுவருவான். தேவாலயத்தில் தானமாகக் கிடைத்த பெரிய பழுப்புச் சப்பாத்து, காலுக்கு இரண்டு அளவு கூட. நுனியில் பத்திரிகைத் தாளை அடைத்துப் போட்டிருந்தான்.

ஒரு தை மாதம் ஹவுஸ்மைஸ்டர் வந்து, இனி ஒரு தரம் பதியாத ஆள் தங்கினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அறிவிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு டெர்மின், என் அகதி வழக்கின் விசாரணை. இடையில் வந்த ஞாயிறு மத்தியானம் மற்ற ஐந்து பேரும் பனியில் பந்தடிக்கப் போய்விட்டார்கள், நான் கட்டிலில் கிடந்து வாசித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. "வாத்தி, நான்தான்டா." நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மூன்று தரம் தட்டினான். பிறகு படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கே பெல்ஜியம் வழியாகப் பாரிசுக்குப் போகப் புறப்பட்டவன் அவன் என்று பிறகுதான் தெரிந்தது. பாரிசில் அவனை எதிர்பார்த்திருந்தவர்களிடம் அவன் போய்ச் சேரவில்லை. எங்குமே போய்ச் சேரவில்லை. நான் உள்ளே இருந்தேன் என்பதை ஒருவருக்கும் சொன்னதில்லை, மனைவிக்கும்கூட. ஆளில்லை என்று நினைத்துத்தான் போயிருப்பான் என்பது ஒன்றுதான் இத்தனை வருடமாக நான் பிடித்துக்கொண்டிருந்த கிளை. ஆள் எங்காவது இருந்தால், ஒரு நாள் தேடி வந்தால், அந்தக் கதவுக்குத்தானே வருவான். அதுதான் வாங்கினேன். சிரிக்கலாம்.

சும்மா பூட்டிக் கிடக்கிற அறைக்குத் தூசு தட்டி மனைவிக்கு அலுத்துவிட்டது. இரண்டு மூன்று நாள் தங்க வருகிறவர்களுக்கு விடுவோம் என்றாள். இப்படித்தான் நான் விருந்தினர் வீட்டுக்காரனானேன். முதல் வேலையாக உட்கார்ந்து விதிகள் எழுதினேன். பதினெட்டு விதிகள், ஜெர்மன், ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழிகளில், தமிழில் ஒற்றுப்பிழை இல்லாமல். ஏழாவது விதி: பதியாத ஆட்களை உள்ளே விடக்கூடாது. எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சுவரில் மாட்டிய பிறகுதான் கவனித்தேன், அது எங்கள் ஹவுஸ்மைஸ்டர் மாட்டியிருந்த தாளின் அச்சொட்டான மொழிபெயர்ப்பு. மாட்டிய இடமும் அதே இடம்.

முதலில் வந்த ஒரு டச்சுக்காரர் குளியல் தொட்டியில் சைக்கிளைக் கழுவினார். அதைப் பத்தொன்பதாவது விதியாகச் சேர்த்தேன். அதற்கடுத்து வந்தவர்கள்தான் கார்த்திக்கும் நித்யாவும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள், வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை, கலியாணம் முடித்து ஒரு வருடம்தானாம். வார இறுதிக்கு ஊர் பார்க்க வந்திருந்தார்கள்.

அந்த ஞாயிறு நான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அறைக்குக் கீழ் வீட்டில் இருக்கிற ஃப்ராவ் கெஸ்லர் தொலைபேசியில் வந்தார். எண்பதைத் தாண்டிய மூதாட்டி, காதின் வயது மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

"ஹெர் நாதன், மேலே மூன்று பேர் நடக்கிறார்கள். நீங்கள் இரண்டு என்று சொன்னீர்கள்."

"இரண்டு பேர்தான், ஃப்ராவ் கெஸ்லர்."

"எனக்கு எண்ணத் தெரியும். இது மத்தியான அமைதி நேரம். வெங்காயமும் மணக்கிறது."

விதிகளின் ஒரு பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். காரில் போகும்போது என்ன சொல்லிக் கண்டிப்பது என்று ஒத்திகையும் பார்த்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் உற்சாகமாகத்தான் இருந்தது.

இரண்டாம் மாடிக்கு ஏறினேன். கதவுக்கு வெளியே மூன்று சோடி. இரண்டு, வெள்ளை விளையாட்டுச் சப்பாத்துகள். மூன்றாவது, ஓர் ஆணின் பழுப்புச் சப்பாத்து, பெரியது, பழசு, ஊறிப்போய் நனைந்திருந்தது. அதைச் சுற்றித் தரையோட்டில் ஒரு சின்னக் குளம். வெளியே முப்பது பாகை வெயில், மழை பெய்து இரண்டு கிழமை. நம்பினால் நம்புங்கள், அப்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பிடிபட்டார்கள் என்பது மட்டும்தான் தோன்றியது. எண்ணினேன், மூன்று. ஹவுஸ்மைஸ்டர் எண்ணுவது மாதிரியே விரலை நீட்டி எண்ணினேன்.

தட்டினேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சு நின்றது. மறுபடி தட்டினேன். ஒரு சத்தமுமில்லை. ஆளில்லாத வீட்டின் அமைதி வேறு, ஆள் இருந்தும் மூச்சுக் காட்டாத வீட்டின் அமைதி வேறு. வெளியே நிற்கிறவனுக்கு அது நன்றாகவே கேட்கிறது. அது வரை இது எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் கதவின் மற்றப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன்.

"பிள்ளையள், கதவைத் திறவுங்கோ. நான்தான்" என்றேன்.

நித்யா திறந்தாள், முகம் வெளுத்திருந்தது. பின்னால் கார்த்திக் கையில் கரண்டியோடு நின்றான்.

"ஸாரி அங்கிள், நாங்க யாரையும் கூப்பிடல. அவரேதான் வந்தாரு. உங்க ஃப்ரெண்டுதான்."

"எந்த ஃப்ரெண்ட்?"

"பேர் சொல்லல. 'வாத்தி நிக்கிறானோ'ன்னு கேட்டாரு. உங்களைத்தான் கேக்கிறாருன்னு புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. இல்லைன்னு சொன்னோம். 'பரவாயில்லை, குளிருது, கொஞ்சம் இருந்திட்டுப் போறன்'னாரு."

விளம்பரத்தில் என் பெயர் நாதன் என்றுதான் இருக்கிறது. வாத்தி என்ற பெயர் அந்த அறையில் இருந்த பொடியன்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவர்களில் இருவர் இப்போது கனடாவில், ஒருவர் இறந்துவிட்டார், மற்ற இருவருக்கும் நான் இதை வாங்கியதே தெரியாது.

"ஏழாவது விதி வாசிச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"மூணு லாங்வேஜ்லயும் படிச்சோம் அங்கிள்" என்றான் கார்த்திக். "ஆனா தமிழ்ல பேசிட்டு நிக்கிறாரு, நடுங்கிட்டு நிக்கிறாரு. எப்படி அங்கிள் வாசல்லயே நிக்க வைக்கிறது?"

பையில் கிடந்த விதித் தாளை இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டேன்.

"இப்ப எங்க அவர்?"

"பாத்ரூம்ல. நீங்க தட்டினதும் வாயில விரலை வச்சு எங்களைப் பேசாம இருக்கச் சொன்னாரு. 'ஹவுஸ்மைஸ்டர் போல'ன்னு சிரிச்சாரு. அப்புறம் உங்க குரல் கேட்டதும், 'அட, அவன்தான், திறவுங்கோ, நான் முகத்தைக் கழுவிப்போட்டு வாறன்'னு உள்ளே போனாரு."

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, துவாய் நனைந்திருந்தது. ஆள் இல்லை. அங்கே இருக்கிற ஒரே துவாரம் பூனைகூட யோசித்துப் போகிற அளவுக் காற்றுவழி. கார்த்திக் குளியல் திரையை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். நித்யா அழத் தொடங்கினாள்.

மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. மூன்றாவது, வழித்துச் சாப்பிட்ட தட்டு.

"சாப்பிட்டாரோ?"

"நல்லா சாப்பிட்டாரு" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. "சாம்பார்ல உறைப்புக் காணாதுன்னாரு. அங்கிள், அவர் உங்க ஃப்ரெண்டுங்கிறாரு, ஆனா சின்னப் பையனா இருந்தாரே. இருபத்தி ரெண்டு இருந்தா ஜாஸ்தி."

நான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன். கார்த்திக் யோசித்தான்.

"முன்னாடி ஒரு தடவை வந்திருக்காராம். நீங்க இல்லையாம். 'அண்டைக்கு அவன் வீட்டில இல்லை, நிண்டிருந்தா திறந்திருப்பான்'னாரு. அதை ரெண்டு தடவை சொன்னாரு. உங்க ஊர்த் தமிழ் எனக்குப் புதுசா இருந்துச்சு, அதான் அப்படியே ஞாபகம் இருக்கு."

வெளியே வந்து பார்த்தபோது இரண்டு சோடி வெள்ளைச் சப்பாத்துகள் மட்டும் இருந்தன. தரையில் ஈரம் இருந்தது. ஃப்ராவ் கெஸ்லர் கீழ்ப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நான் ஏறியதிலிருந்து அங்கேதான் நின்றாராம். யாராவது இறங்கிப் போனார்களா என்று கேட்டேன். ஒருவரும் போகவில்லை என்றார், படி வழுக்கும், அந்தத் தண்ணீரைத் துடையுங்கள் என்றும் சொன்னார். கைக்குட்டையால் துடைத்தேன். பல்லுக் கூசுகிற குளிர்.

பிள்ளைகள் அன்றைக்கே வால்டோர்ஃபுக்குப் போய்விட்டார்கள். இணையத்தில் குறை ஒன்றும் எழுதவில்லை. 'வீட்டுக்காரர் நல்லவர், வீடு கொஞ்சம் குளிர்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

எனக்குத் தெரியும், நீங்கள் ஒரு விளக்கம் தேடுகிறீர்கள். நானும் தேடினேன். யாரோ பொடியன் விளையாடியிருக்கலாம் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தக் கிழமை முழுவதும் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பேருந்து ஓட்டும்போது சிவப்பு விளக்கில் நின்றால் கண் நிறையும், பின்னாலிருந்து ஹோர்ன் அடிப்பார்கள். அண்டைக்கு அவன் வீட்டில் இல்லை. அப்படித்தான் நம்பிப் போயிருக்கிறான், என்மேல் கோபமில்லாமல் போயிருக்கிறான். நான் பிடித்திருந்த கிளை முறியவில்லை. ஏழாவது விதியை மூன்று மொழியிலும் அழித்தேன். மனைவி ஏன் என்று கேட்டாள். அன்றுதான் முதல் முறையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போட்டாள்.

ஆவணி மாதம், அடுத்த விருந்தினருக்காக அறையைத் துப்புரவாக்கத் தனியாகப் போனேன். கதவடியில் குனிந்து, வழக்கம்போலச் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தேன். நிமிர முடியவில்லை.

குகன் வந்து தட்டிய அந்தத் தை மாத ஞாயிறும் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். அந்த அறையில் யாரும் சப்பாத்தை உள்ளே வைப்பதில்லை, குகன் ஒருவனைத் தவிர. மற்ற ஐந்து பேரும் தங்களுடையதைப் போட்டுக்கொண்டு பந்தடிக்கப் போயிருந்தார்கள். கதவுக்கு வெளியே கிடந்தது ஒரேயொரு சோடி. கறுப்பு, இடது நாடா அறுந்து முடிச்சுப் போட்டது. யாருடையது என்று குகனுக்குத் தெரியும், அந்த முடிச்சைப் போட்டுத் தந்ததே அவன்தான்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றுதான் மூன்று தரம் தட்டியிருக்கிறான்.