கம்லா லேப்டாப் வாங்கிய விதம்

பூசணிக்காயோ பிரஷர் குக்கரோ, எதை வாங்கினாலும் கம்லா முதலில் அதை உள்ளங்கையில் தாங்கி ஏற்றி இறக்கிப் பார்ப்பாள். பிறகு காதருகே வைத்து ஆட்டுவாள். கடைசியாக முகர்வாள். ஃபிஜித் தீவின் லவுட்டோக்கா நகரில், கம்ப்யூட்டர் கடையில் புது லேப்டாப் ஒன்று அவள் காதுப் பக்கம் போனபோது, கவுன்டருக்குப் பின்னால் நின்ற பாலசுப்பிரமணிக்கு வியர்த்துவிட்டது.

“அம்மா, ஆட்டாதீங்க! உள்ளே டிஸ்க் இருக்கு!”

“இருந்தா கடகடன்னு சொல்லணுமே தம்பி. ஒண்ணும் சொல்லலியே,” என்றாள் கம்லா. சத்தம் வராதது அவளுக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது.

கம்லாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பா என்ற ஊரின் மார்க்கெட்டில் மிளகாயும் வெண்டைக்காயும் விற்கிறாள். வீடு ரராவாயில், சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் கொடியில் காயும் துணியெல்லாம் கரி படியும் தூரம். பூப்போட்ட கவுன், ரப்பர் செருப்பு, வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டு. வீட்டில் பேசுவது ஃபிஜி இந்தி. சாமியிடமும், கோபம் வந்தாலும், யாரிடமாவது பேரம் பேச நேர்ந்தாலும் தமிழ். மகள் வினீதாவுக்கு அம்மாவின் தமிழில் பாதி புரியும். புரியாத பாதிக்கும் சேர்த்துத் தலையாட்டி வைப்பாள்.

வருத்தமான சேதி எது கேட்டாலும் கம்லா வாயில் முதலில் வருவது “ஈசா!” ஃபிஜியன் அண்டைவீட்டாரிடமிருந்து தொற்றிக்கொண்ட சொல், ‘அடப் பாவமே’ என்கிற மாதிரி. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத பாலசுப்பிரமணிக்கு இது தெரியாது. காட்டிய இரண்டில் சின்னதான லேப்டாப்பில் சிடி போடும் வசதி கிடையாது என்று அவர் சொன்னதும் கம்லா “ஈசா!” என்றாள். அவர் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு “சிவ சிவா” என்றார்.

“வாயே இல்லியே தம்பி. அப்புறம் எப்பிடித் தின்னும்?”

“அதனாலதாம்மா பெரிசையே எடுத்துக்குங்கன்னு சொல்றேன். சிடி போடலாம், எழுத்து பெரிசா தெரியும், விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். காலேஜ் பொண்ணு டைப் அடிக்கவும் சவுகரியம்.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கூட வந்திருந்த வினீதாவின் கை சின்னதின் மேலேயே இருந்தது. தலைநகர் சுவாவில் கணக்கு படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போகிறாள்.

கம்லா ஒரு பொருளை நேராக விலை கொடுத்து, புதிதாக வாங்குவதே அதிசயம் என்பதைப் பாலசுப்பிரமணி எப்படி அறிவார்! எண்பத்தேழில் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு, இங்கிலீஷில் ‘கூ’, நடந்த அன்று பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து “கூ வந்துடுச்சு, கூ!” என்று கத்தினாள். சீசன் தொடங்கும் முன்பே கரும்பு ரயில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்த கம்லா, தண்டவாளத்தருகே கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்க ஓடினாள். அன்று மாலையே அவள் கணவர் பல்ராம், “இந்தியக்காரங்களுக்கு இனிமே இங்க இடமில்ல, அடுத்த வருஷம் கனடா போயிடலாம்” என்றார். போகிறவர்களுக்கு அலமாரி எதற்கு? வாங்கவில்லை. இரண்டாயிரத்தில் இன்னொரு கூ. கேஸ் அடுப்பு வேண்டாமென்று ஆயிற்று. இரண்டாயிரத்து ஆறில் மறுபடியும். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. போகாத கனடாவுக்காக அந்தக் குடும்பம் இருபது வருடம் சூட்கேஸிலிருந்தே துணி எடுத்து உடுத்தியது. பல்ராமும் காலமாகிவிட்டார். மகன் ராஜ்நீல் மட்டும் பிரிஸ்பேன் போய்ச் சேர்ந்தான்.

இப்போது கம்லா இரண்டு லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். “புள்ள எங்க உக்காந்து படிக்கும்? சுவாவுலேருந்து லீவுக்கு வரும்போது பஸ்ஸுலதானே? பஸ்ஸுல வெச்சுப் பாக்கணும்.”

“பஸ் இங்கே இல்லையேம்மா.”

“ஸ்டாண்டு பக்கத்துலதானே கீது.”

முதலாளி சாப்பிடப் போயிருந்த தைரியத்தில் பாலசுப்பிரமணி கூட வேலை செய்பவரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு லேப்டாப்பையும் குழந்தைகளைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கம்லாவின் பின்னால் ஓடினார். பா போகிற பஸ் காலியாக நின்றது. முன் சீட்டில் மட்டும் ரக்பி ஆடுகிறவரைப் போன்ற தோளோடு ஒரு ஃபிஜியன் மனிதர். கம்லா வினீதாவை அவருக்குப் பின்னால் உட்காரவைத்து, பக்கத்தில் தன் சேப்பங்கிழங்குக் கூடையோடு தானும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “இப்போ தொற.”

பெரிய லேப்டாப்பின் மூடி பாதி திறந்து முன் சீட்டில் முட்டிக்கொண்டது. வினீதா கழுத்தை ஒடித்துக் குனிந்து பார்த்தும் திரையில் பாதிதான் தெரிந்தது. முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்து, “புலா!” என்று வணக்கம் சொல்லிச் சிரித்துவிட்டுக் கொஞ்சம் முன்னே நகர்ந்து கொடுத்தார். அப்படியும் பயனில்லை.

சின்னது மலர்ந்து திறந்தது. வினீதா நெட்பால் ஆடுகிறவள், விரல் நீளம். பெயரை அடித்ததில் நடுவே ஒரு எழுத்து கூடுதலாக விழுந்தது.

“பாத்தீங்களாம்மா!” என்றார் பாலசுப்பிரமணி.

“எழுத்து கூட வந்தா அழிச்சிக்கலாம் தம்பி. எடம் கூட வேணும்னா எங்கே போறது?”

அந்த நேரம் பார்த்து கம்லாவின் போன் அடித்தது. பிரிஸ்பேனிலிருந்து ராஜ்நீல். கடைக்குப் போவதை வினீதா முந்தின நாள் சொல்லியிருந்தாள்.

“அம்மா, வாங்காதே. ஒரு வருஷம் பொறு. ரெண்டு பேருக்கும் விசாவுக்குப் பேப்பர் போடறேன். வினீதா இங்க வந்து முதியோர் இல்லத்து வேலைக்குக் கோர்ஸ் பண்ணட்டும். அங்க படிச்சு யாருக்கு என்னா ஆச்சு?”

பாலசுப்பிரமணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கம்லா போனைக் காதிலிருந்து விலக்கி மகளைப் பார்த்தாள். “அண்ணன் வான்றான். நீ இன்னா சொல்றே?”

எப்போதும் இந்தியில் பதில் சொல்லும் வினீதா, சொல் சொல்லாகத் தேடிக் கோத்தாள். “நான்... படிக்கணும்மா. இங்கயே. டீச்சர் ஆவணும்.”

கம்லா கூடையைத் தூக்கி மடியில் வைத்தாள். திரும்பக் கீழே வைத்தாள். பிறகு போனில் சொன்னாள்: “ராஜ்நீல், உங்கப்பா ஒரு வருஷம்னு சொன்னப்போ நீ தவழ்ந்துகினு இருந்தே. இப்போ நீ சொல்றே. கோவமில்லடா, கண்ணு. நீ நல்லா இரு. லீவுக்கு வா, மீன் குழம்பு வெக்கிறேன். இந்தப் பொண்ணு இங்க படிக்கட்டும்.”

மகன் என்ன சொன்னானோ, “அச்சா, அச்சா” என்று கேட்டுக்கொண்டே போனை வைத்தாள். கண்ணைத் துண்டால் துடைத்தவள், பாலசுப்பிரமணியைப் பார்த்ததும் பேரக்காரியாகிவிட்டாள். “சின்னதுதான். பை சும்மா குடுப்பீங்கல்லே?”

கொடுத்தார். கடையில் பில் போட்டு முடித்து, லேப்டாப்பைப் பைக்குள் வைத்து வினீதாவின் தோளில் மாட்டிவிட்டவர், காலி அட்டைப்பெட்டியைத் தனியாகக் கம்லாவிடம் நீட்டினார். “பெட்டியைப் பத்திரமா வெச்சுக்குங்கம்மா. இங்கே எல்லாரும் வெச்சுக்கறாங்க. வெளிநாடு போறப்போ இதுலயே பேக் பண்ணிடலாம்.”

கம்லா தலையாட்டி வாங்கிக்கொண்டாள்.

ஸ்டாண்டுக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாவுக்குப் போகும் அடுத்த பஸ்ஸின் திறந்த ஜன்னல்களில் தார்ப்பாயை இறக்கிவிட யாரும் இல்லாததால், இருந்த சீட்டெல்லாம் சாரலில் நனைந்துகிடந்தன. வினீதா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்காராமல் நின்றாள். கம்லா அட்டைப்பெட்டியின் நான்கு மூலையையும் கிழித்துப் பிரித்து, தரையில் போட்டுச் செருப்புக்காலால் மிதித்துத் தட்டையாக்கினாள். அதை ஈரச் சீட்டின் மேல் விரித்து, மகளை உட்காரவைத்து, மிச்ச இடத்தில் தானும் உட்கார்ந்துகொண்டாள்.