அண்ணிக்கு ஒரு தொட்டி மஞ்சள் பூ

தையல்காரம்மாவுக்கும் அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவனின் அக்காவுக்கும் பேச்சு நின்றுபோனதற்கு ஒரு சட்டைதான் காரணம். தைத்துக் கொடுத்த சட்டை இடுப்பில் பிடிக்கிறது என்று அண்ணி நாலு பேர் முன்னால் குறை சொன்னாள். இவள் வாய் சும்மா இருக்கவில்லை. "துணி சுருங்கல அண்ணி, நீங்கதான் கொஞ்சம் விரிஞ்சிட்டீங்க." எல்லோரும் சிரித்தார்கள், அண்ணியைத் தவிர. அதன்பின் பதினோரு வருஷம், எதிரே பார்த்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

பதினோராம் வருஷம் தையல்காரம்மாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஊசியும் குழாயுமாகக் கிடந்தாள். மிச்ச நாளில் மெஷினில் உட்கார்ந்தால் மிதிக்கக் காலில் தெம்பில்லை. நாளுக்கு இத்தனை மடக்குத் தண்ணீர்தான் என்று அளந்து வைத்திருந்தார்கள். கணவன் தன் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்று போனான். சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒரு மத்தியானம் அண்ணி வந்து கதவருகே நின்றாள். லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் சீட்டுப் போடுவது அவள் வேலை. நேரே அங்கிருந்துதான் வந்திருந்தாள். தலையெல்லாம் புழுதி.

"பரிசோதனைக்கு எங்க போகணும்?"

"எதுக்கு அண்ணி?"

"உனக்குக் கொடுக்கத்தான். ரெண்டையும் வச்சுகிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

கணவன் அக்காவை உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அண்ணியின் சிறுநீரகம் பொருந்தியது. ஆபரேஷன் முடிந்து சில நாளில், நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டி முழுசாகக் குடிக்கச் சொன்னாள். தையல்காரம்மா பாதி குடித்தாள், பாதி அழுதாள்.

வீடு திரும்பியதும் அண்ணிக்கு வரிசையாக ஆறு சட்டை தைத்துக் கொடுத்தாள். ஏழாவதுக்கு அளவெடுக்கப் போனபோது அண்ணி டேப்பைப் பிடுங்கிக்கொண்டாள். "போதும்டி. பீரோ மூட மாட்டேங்குது."

"வேற என்னதான் உங்களுக்குப் பிடிக்கும்?"

அண்ணி யோசித்தாள். "நான் வேலைக்குப் போற வழியில, தண்டவாளத்துக் கல்லுக்கு நடுவுல ஒரு மஞ்சப்பூ பூக்கும். தரையோட தரையா இருக்கும். மூணு தடவை பிடுங்கிட்டு வந்து வச்சேன். மூணும் செத்துப்போச்சு."

தையல்காரம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். மண்ணைத் தொடுவதானால் கையுறையும் முகமூடியும் கட்டாயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முகமூடியை வெட்டுத்துணியில் தானே தைத்துக்கொண்டாள். ஒரு செடியைத் தோண்டி வந்து, நல்ல மண், எரு, இரண்டு வேளைத் தண்ணீர் என்று சீராட்டினாள். பத்தே நாளில் தண்டு அழுகியது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதுக்குப் போனபோது தண்டவாளம் பார்க்கும் தொழிலாளி ஒருவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விசாரித்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பட்டினியிலேயே வளர்ந்த பிள்ளைம்மா இது. விருந்து போட்டா வயிறு கெட்டுடும். வேர் முழங்கை ஆழம் போகும், பிடுங்கினா அறுந்துடும். விதையை எடுத்துட்டுப் போங்க. வெயிலைக் காட்டுங்க. மிச்சத்தை அது பாத்துக்கும்."

தையல்காரம்மா வீட்டு ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். நாள் முழுக்க வெயில் விழுவது அண்ணியின் மொட்டை மாடியில்தான். ஜல்லி, செங்கல் உடைசல், மணல் என்று மூன்று மாடி ஏறித் தூக்கியது கணவன். "செடி வைக்கிறமா, ரோடு போடுறமா?" என்று கேட்டுக்கொண்டே தூக்கினான்.

தூவிய விதை முளைத்தது. முதல் வருஷம் வெறும் இலைதான். தொட்டிக் கல்லோடு ஒட்டிக்கொண்டு பொட்டுப் பொட்டாகக் கிடந்தது. இடையில் முளைத்த புல்லை நூல் வெட்டும் கத்தரியால் நறுக்க, தையல்காரம்மா வாரம் மூன்று முறை அத்தனை படியும் ஏறினாள். முன்பு தன் வீட்டு வாசற்படியிலேயே மூச்சு வாங்கியவள். வேலை முடிந்து வந்த அண்ணி பக்கத்தில் கால் நீட்டி உட்காருவாள். ஒருநாள் தானாகவே சொன்னாள்: "அந்தச் சட்டை நல்லாத்தான் தச்சிருந்தே. நான்தான் விரிஞ்சிருந்தேன்."

"நான் அதைத் தனியாச் சொல்லியிருக்கணும், அண்ணி."

"சொல்லியிருந்தா மட்டும் கோவப்பட மாட்டேனா?" என்றாள் அண்ணி. இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இரண்டாம் வருஷம் மொட்டு கட்டியது. ஆனால் பூவுக்கு வெயில்தான் கணக்கு. பத்து மணிக்கு விரிந்தால் நாலு மணிக்குக் குவிந்துவிடும். அண்ணி எட்டு மணிக்குப் போய் ஆறு மணிக்கு வருகிறவள். பூத்து நாலு நாளாகியும் அவள் பார்த்தது குவிந்த மொட்டைத்தான். "என்னைக் கண்டாலே மூஞ்சிய மூடிக்குது" என்றாள்.

விடுமுறை நாள் வந்தது. காலையிலிருந்து மேகம். இருவரும் குடையும் காப்பியுமாக மாடியில் காத்திருந்தார்கள். பதினோரு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று விழுந்தது. முதலில் ஓரத்தில் ஒன்று, பிறகு நாலைந்து, கொஞ்ச நேரத்தில் தொட்டி முழுக்க மஞ்சள். அண்ணி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை.

"நல்லாயிருக்கு" என்றாள்.

அது நடந்து ஐந்து வருஷமாகிறது. செடி குளிரில் காய்ந்ததுபோலக் கிடந்து, வெயில் ஏறினால் அதே வேரிலிருந்து துளிர்க்கிறது. உதிர்கிற விதையை அண்ணி பொட்டலம் கட்டி லாரி டிரைவர்களுக்குக் கொடுக்கிறாள். "தண்ணி ஊத்திக் கொன்னுடாதீங்க" என்பது கூடவே போகும் எச்சரிக்கை. தையல்காரம்மாவின் மாதாந்தரப் பரிசோதனைக்கு லீவு போட்டுக் கூட வருவதும் அவள்தான். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது அக்கா தங்கச்சியா என்று கேட்டால், "இல்ல, என் தம்பி பொண்டாட்டி" என்பாள். கேட்டவர்கள் நம்புவதில்லை.