கப்பலேறித் திரும்பிய இறால்

அப்போது எனக்கு எட்டு வயது. மீன்பிடித் தடைக்காலம். படகுகளெல்லாம் கரையில் நிற்க, முதலியார்பேட்டைத் தெருக்களில் மீன் விற்கும் அம்மாவின் கூடை வாரக்கணக்கில் மூலையில் கிடந்தது. எங்கள் அடுப்பும் ஏறக்குறைய அப்படித்தான் கிடந்தது.

ஒரு காலையில் மாமா பெட்டி பெட்டியாக இறாலோடு வந்து இறங்கினார். சேதராப்பட்டுப் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் லாரி ஓட்டுகிறவர் அவர்.

"பண்ணைல போட்ட மருந்து ஜாஸ்தின்னு வெளிநாட்டுக்காரன் கன்டெய்னரோட திருப்பி அனுப்பிட்டான்க்கா. அழிக்க வேண்டியத மொதலாளி சல்லிசா தள்ளி வுடறாரு. ஒண்ணும் ஆவாது, வித்துடு."

அம்மா வெகுநேரம் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கூடையைக் கழுவினாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். மருந்து என்றால் நல்லதுதானே. அதிலும் கப்பலேறிப் போய்வந்த இறால்.

அம்மாவின் வாடிக்கைக்காரர்கள் சரக்கைப் புரட்டிப் பார்ப்பதில்லை. "வூட்டுக்கு எடுத்து வச்சியா?" என்று மட்டும் கேட்பார்கள். ஆமாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். எங்கள் வீட்டில் சாப்பிடாததை அம்மா விற்றதே இல்லை. அன்றைக்கும் அதையே கேட்டவர் என் வகுப்பு டீச்சர். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை அவருக்கு. அம்மா வாயைத் திறக்காமல் தராசையே பார்த்தபடி இருந்தாள். வந்த வியாபாரம் போய்விடுமே என்று கூடப் போயிருந்த எனக்குப் பதறியது.

"வச்சிருக்கோம் டீச்சர். இன்னிக்கு எங்க வூட்ல எறா கொழம்பு," என்றேன்.

"நீ சொன்னா சரிதான்," என்று ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

எடுத்து வைத்தது உண்மைதான். தம்பிக்குப் பத்து நாளாக இருமல். மருந்து இறால் தின்றால் நின்றுவிடும் என்று, அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு கைப்பிடியைத் தூக்குச் சட்டியில் ஒளித்து வைத்திருந்தேன்.

வீடு திரும்பி அம்மா குளிக்கப் போன நேரத்தில் அதை வதக்கித் தம்பிக்கு ஊட்டினேன். முதல் வாய்தான். வாசனை பிடித்து ஈரத்தலையோடு ஓடி வந்த அம்மா தட்டைத் தட்டிவிட்டாள். என் கன்னத்தில் ஓர் அறை. தம்பியின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். சிந்தியதை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு கைப்பிடி இறாலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் பள்ளியில் டீச்சர், "கொழம்பு அருமைடி. உங்க வீட்ல எப்படி?" என்று கேட்டார். வீங்கிய கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சு டீச்சர்," என்றேன்.

அன்று சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் நின்று, விற்கிற சரக்கை இனி திருட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.