கூடத்தில் நின்ற தண்ணீர்

என் மகனுக்கு நல்ல மனசு என்று ஊரே சொல்கிறது. ஊருக்கென்ன, டைல்ஸைப் பார்த்துவிட்டுச் சொல்கிறது. தன் அப்பாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னதும், வீட்டை வசதியாக்கித் தருகிறேன் என்று சென்னையிலிருந்து வந்து இறங்கினான். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தின் பழைய சிமெண்ட் தரையை மூடி, முகம் பார்க்கிற மாதிரி வெள்ளை டைல்ஸ் ஒட்டினான். வந்தவர்கள் எல்லோரும் குனிந்து தங்கள் முகத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் படுக்கை அறை வாசலிலேயே நின்றுவிட்டார். ஆயுசெல்லாம் நெல் வயலில் நின்றவர். வெளிச்சம் பட்டுப் பளபளத்த கூடத்தைப் பார்த்து, வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தண்ணி நிக்குது. வடியட்டும்" என்றார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். என் மகனும் சிரித்து, அதைப் போனில் படம் பிடித்தான். பாத்ரூம் கூடத்தைத் தாண்டித்தான் இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஞாபகம் போனாலும் அதுவரை பாத்ரூமுக்குத் தானே போய்வந்தவர் அவர். அந்த ஒரு மரியாதைதான் மிச்சம் இருந்தது. தரை மாறிய பிறகு அறை வாசற்படியில் நின்று தண்ணீர் வடியக் காத்திருந்தார். காத்திருந்து காத்திருந்து வேட்டியை நனைத்துக்கொண்டார். நனைந்த பிறகு என் முகத்தைப் பார்க்க மாட்டார். மற்றதெல்லாம் மறந்த மனுஷனுக்கு வெட்கம் மட்டும் மறக்கவில்லை.

மகனிடம் போனில் சொன்னேன். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொன்ன கதையாக, அந்த டைல்ஸ் எவ்வளவு உயர்ந்த ரகம் என்று விளக்கினான். பிறகு பெட்டி நிறைய டயப்பர் அனுப்பினான். அறைக்கு வெளியே தாழ்ப்பாள் வைத்துவிடவும் யோசனை சொன்னான். பார்க்க வந்த உறவுகள் அவனுக்கும் மேல். வல்லாரைச் சாறு கொடுத்தீர்களா என்று என்னைக் கேட்டுவிட்டு, அவர் எதிரே உட்கார்ந்து, நான் யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம் என்று பரீட்சை வைத்தார்கள். அவர் முழித்தால் உச்சுக்கொட்டினார்கள். இவர்களுக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தேன்.

சாக்கு விரித்துப் பார்த்தேன். அதன் மேல் தயங்காமல் நடந்தார். ஆனால் ஒருநாள் சாக்கு வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினார். இடுப்பு உடைந்திருந்தால் அதற்கும் என் மகன் உயர்ந்த ரகத்தில் ஓர் ஆஸ்பத்திரி பார்த்திருப்பான்.

மறுநாளே கொத்தனாரை வரச்சொன்னேன். அறை வாசலிலிருந்து பாத்ரூம் வரை, சுவரோரமாக, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு டைல்ஸை உடைத்தெடுக்கச் சொன்னேன். புது டைல்ஸாயிற்றே என்று அவர் தயங்கினார். சென்னைத் தம்பியைக் கேட்டீர்களா என்றார். தம்பி இங்கே ஒண்ணுக்குப் போக வருவதில்லை என்றேன். உளியை எடுத்து உடைக்க ஆரம்பித்தார். சொரசொரப்பாகச் சிமெண்ட் பூசி, சுவரில் கைப்பிடிக் கம்பி பதித்து, பாத்ரூம் கதவு தனியாகத் தெரிய நீலம் அடித்துக் கொடுத்தார். சிமெண்ட் காய்ந்ததும் என் வீட்டுக்காரர் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு அதன் மேல் நடந்து போனார். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

பொங்கலுக்கு மகன் வந்தான். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"என்னம்மா இது, வீட்டையே நாசம் பண்ணி வச்சிருக்கே. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

கூடத்தில், மிச்சமிருந்த டைல்ஸ் மேல் நின்றுதான் கேட்டான். அப்போது அவன் அப்பா அறையிலிருந்து வந்தார். அவன் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் நின்றார். ஒரு கையைக் கம்பியில் வைத்துக்கொண்டு மறு கையை அவனிடம் நீட்டினார்.

"தண்ணியில நிக்கிறீங்களே தம்பி. வரப்பு மேல ஏறி வாங்க."

என் மகன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினான். அவர் முன்னால் போக, இவன் பின்னால் போக, நீலக் கதவு வரை போனார்கள்.

அப்பாவைப் பத்திரமாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனதாக அன்று சாயங்காலம் மனைவியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். யார் யாரைக் கூட்டிப்போனார்கள் என்று நான் திருத்தப் போகவில்லை.