தங்கச்சிமடத்துக் குடிலுக்கு ஒரு தட்டு முளைப்பாரி

என் மகள் செல்வியைத் தங்கச்சிமடத்தில் கட்டிக்கொடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மீன்பிடிக்கிற கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணப் பந்தியில் சம்பந்தி மரியபுஷ்பம், "உங்க ஊருக்கு மீனுன்னா கருவாடுதானே தெரியும்" என்றார். அன்று அவர் கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள் சேலை, பச்சைக் கரை. என் வலது பக்கத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஏழு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் போனால் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இராத் தங்கியதில்லை.

போன டிசம்பரில் பேத்தி ஜெனிபர் போன் பண்ணினாள். அவர்கள் தெருவில் குடில் போட்டி. குழந்தை இயேசு பிறந்த கொட்டகையை வீட்டு வாசலில் பொம்மை வைத்துக் கட்டுவார்கள். முன்னால் பச்சைப் புல் வேண்டும். அவள் விதைத்த கேழ்வரகைக் கோழி கிளறிவிட்டதாம். "அம்மாச்சி, நீங்கதான் முளைப்பாரி போடுவீகள்ல" என்று கேட்டாள். மறுக்க முடியுமா?

பதினான்காம் தேதி விதைத்தேன். புல்தான் கேட்டாள் என்பது தெரியும். ஆனால் கை பழகியதைத்தான் செய்யும். தலைக்குக் குளித்து, பாசிப்பயறும் தட்டாம்பயறும் ஊறவைத்து, இருட்டறையில் மூடி வைத்து, ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்து வளர்த்தேன். கடைசி இரண்டு நாள் வெளிச்சம் காட்டிப் பச்சையாக்கினேன்.

இருபத்து நான்காம் தேதி காலை ஆறரைக்கு எங்கள் நயினார்கோவிலில் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை. பரமக்குடி பதினைந்து கிலோமீட்டர். அங்கே ஏழரைக்கு ராமேஸ்வரம் பஸ் கிடைத்தது. தங்கச்சிமடத்துக்கு எழுபது ரூபாய், இரண்டேகால் மணி நேரம். தட்டைப் பார்த்ததும் கண்டக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"எந்தக் கோயிலுக்கு ஆத்தா?"

"சர்ச்சுக்கு."

"முளைப்பாரியா? சர்ச்சுக்கா?" என்று சிரித்துக்கொண்டே டிரைவருக்குப் பின்னால் இடம் ஒதுக்கித் தந்தார். பாம்பன் பாலத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஜன்னலை முன்பே அடைத்துவிடுங்கள். நான் முந்தானையால் மூடிக்கொண்டேன். கடலைப் பார்க்கவில்லை.

வீட்டில் செல்வி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். மருமகன் ஓலைநட்சத்திரத்துக்குள் பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்காக யாரும் கடலுக்குப் போகவில்லை. ஜெனிபர் ஓடிவந்து தட்டை வாங்கிக் குடிலுக்கு முன்னால் வைத்தாள். வைத்ததும் ஆடுகளைக் காணோம். மேய்ப்பர்களைக் காணோம். கொட்டகைக் கூரை மட்டும் தெரிந்தது. பயிர் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்திருந்தது, பொம்மைகள் நாலு விரல் உயரம்.

"ஏ சம்பந்தி, இது புல்லா, கருவக்காடா? ஆட்ட எங்கன போயித் தேடுறது?" என்றார் மரியபுஷ்பம். வீடே சிரித்தது. ஜெனிபர் மட்டும் சிரிக்கவில்லை. நாலு மணிக்குப் போட்டி நடுவர்கள் குடில் பார்க்க வந்துவிடுவார்கள்.

சம்பந்தி வலை வெட்டுகிற கத்திரியை எடுத்துவந்தார். "ரெண்டு விரக்கட விட்டு நறுக்கிட்டாப் போச்சு."

"அதுல இரும்பு படக்கூடாது" என்றேன்.

"புல்லுதானே கேட்டா புள்ள?"

"முளைப்பாரி. விரதம் இருந்து வளத்தது. தண்ணியிலதான் கரைக்கணும். வெட்டுறதுன்னா நான் தூக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போறேன்."

செல்வி முறுக்குக் குழலைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா, இன்னைக்குமா?" என்றாள். பேத்தி இரண்டு பாட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் தட்டைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. வெட்டச் சொல்லவும் வாய் வரவில்லை.

சம்பந்தி கத்திரியை மாடத்தில் வைத்தார். பின்கட்டுக்குப் போய் மீன் அள்ளுகிற பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டைக் கழுவித் தூக்கிவந்தார். குடிலைப் பெட்டிமேல் ஏற்றி, சாக்கைப் போர்த்தி மலையாக்கினார். பயிர் கீழே வயலாகிவிட்டது. ஆடுகள் சரிவில் நின்றன. குழந்தையைப் பார்க்க வருகிற மூன்று ராசாக்களை மட்டும் பயிருக்குள்ளேயே விட்டார். "இவுக நடந்து வரட்டும். தூரத்து ஆளுகதானே."

நாலரைக்கு வந்தவர்களில் ஒருவர் கேட்டார்: "என்ன இது, ஆண்டவர் வயக்காட்டுலயா பொறந்தாரு?"

"எங்க சம்பந்தி ஊருல பொறந்தாரு" என்றார் மரியபுஷ்பம்.

பரிசு எதிர்வீட்டுக்குப் போனது. அவர்கள் குடிலில் ஆடு மோட்டாரில் தலையாட்டியது. ஜெனிபருக்கு ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ். நான் அன்று அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை இட்லியும் கோழிக்குழம்பும். பிறகு தெருவெல்லாம் கேக் தட்டு கொடுத்தனுப்பும் வேலை. சாயங்காலம் சர்ச் மைதானத்தில் பெண்களுக்கு நாற்காலிப் போட்டி. சம்பந்தி என்னை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அதையும் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: கிறிஸ்துமஸ் வாரத்தில் ராமேஸ்வரம் பஸ்ஸெல்லாம் ஐயப்பசாமிகள் கூட்டம், எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். குடிலுக்குப் பயிர் போடுவதாக இருந்தால் நாலாம் நாளே கொண்டுபோய்விடுங்கள்.

அங்கிருந்து எங்கள் பக்கம் வருகிறவர்கள் பரமக்குடியில் இறங்கி மாற வேண்டும். இதை ஜனவரியில், குடிலைக் கலைத்த அன்று, போனில் சம்பந்திக்கும் சொன்னேன். அவர் கேட்டது வேறு: "பயிரு வாடிருச்சு. ஆரு காலும் படாம எடுத்து வச்சிருக்கேன். கடல்ல கரைக்கலாமா?"

"உப்புத்தண்ணி ஆகாது" என்றேன்.

"அப்ப நாளைக்குக் காலையில வாரேன்" என்றார்.

வந்தார். கல்யாணம் ஆன பிறகு எங்கள் ஊரில் அவர் இறங்கியது அதுதான் முதல் தடவை. ஊருணிப் படியில் பாசி. தட்டை நான் வாங்கிக்கொண்டேன், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.